மலைநாட்டுக் கார் ட்ரிப் முடிந்தபின் படங்களையும் வீடியோக்களையும் எதில் பகிர்வது?

ட்ரிப் முடிந்து வீட்டுக்கு வந்து, வண்டியில் ஒட்டிய சேற்றைக்கூடக் கழுவியிருக்க மாட்டோம், போன் அடிக்கத் தொடங்கிவிடும். "அண்ணே, இறம்பொட வளைவுல என் வண்டி ஏறினத முன்னுக்கு இருந்து யாரோ எடுத்தாங்களே, அத கொஞ்சம் அனுப்புங்களேன்." அனுப்பலாம். எதில் அனுப்புவது? வட்ஸ்அப்பில் போட்டால் மங்கிப்போகிறது என்கிறார் ஒருவர். கூகுளில் போட்டால் டேட்டா காலியாகிறது என்கிறார் மற்றவர். பேஸ்புக்கில் போடுங்கள், ஊரே பார்க்கட்டும் என்கிறார் இன்னொருவர். பிள்ளைகளோடு வந்தவருக்கு அதில் சம்மதமில்லை.

கம்பளை, ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்தில் சின்னச் சின்னக் கார்க் குழுக்களை நடத்துகிற பலர் இதைக் கேட்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படங்களைச் சேர்த்து வைப்பது ஒரு வேலை, காட்டுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே வட்ஸ்அப் குழுவில் முடிக்கப் பார்ப்பதால்தான் ஒரு வருடம் கழித்துத் தேடினால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

## ஒரு மொரிஸ் மைனர் படம்

எங்கள் குழுவில் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். சாம்பல் நிற மொரிஸ் மைனர் வைத்திருந்தார். கதவுத் தூணிலிருந்து சின்னக் கைபோல வெளியே நீளும் பழைய சிக்னல் உள்ள வண்டி. ஒரு மழைநாள் காலையில் புசல்லாவையைத் தாண்டி இறம்பொடைப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தோம். மூடியிருந்த பனி ஒரு நிமிடம் விலகியது. பின்னால் அருவி, நடுவில் ஈரத் தார் ரோடு, வளைவுக்குள் நுழைகிற மொரிஸ், அதன் செம்மஞ்சள் கை நீட்டியபடி. முன்னால் போன காரின் பின் சீட்டிலிருந்து ஒரு தம்பி போனில் எடுத்தான். அன்றிரவு குழுவில் போட்டான். எல்லோரும் இதயம் போட்டோம்.

அடுத்த வருடம் பெரியவர் காலமானார். ஹோலில் மாட்டுவதற்கு அந்தப் படத்தை 12க்கு 18 அங்குலத்தில் அடித்துத் தரமுடியுமா என்று அவருடைய மகள் கேட்டார். ஸ்டூடியோக்காரர் கணினியில் திறந்து பெரிதாக்கிக் காட்டினார். நீளப்பக்கம் 1600 பிக்சல். அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 89 பிக்சல்தான் வரும். நல்ல பிரிண்டுக்கு 300 வேண்டும், குறைந்தது 200ஆவது வேண்டும் என்றார். அந்தச் செம்மஞ்சள் கை வெறும் கறையாகத் தெரிந்தது. நம்பர் பிளேட் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. எடுத்த தம்பி அதற்குள் போனை மாற்றிவிட்டான். ஒரிஜினல் யாரிடமும் இல்லை. கடைசியில் அஞ்சலட்டை அளவில்தான் அடித்துக் கொடுக்க முடிந்தது.

நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கியது. அந்தக் காலத்துக் கார்களின் படங்கள் காகிதத்தில் இருந்ததால் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கின்றன. போன வருடம் நாம் எடுத்தது நம்மிடம் இல்லை. இது என்னை உண்மையிலேயே வருத்துகிறது.

## எதை வைத்து அளப்பது

ஒவ்வொரு வழியையும் நான் ஐந்து கேள்விகளால் பார்க்கிறேன். ஒரிஜினல் தரம் அப்படியே போய்ச் சேருமா? எவ்வளவு டேட்டா ஆகும், அது யார் கையிலிருந்து போகும்? குழுவில் எல்லோராலும் திறக்க முடியுமா? மூன்று வருடம் கழித்தும் இருக்குமா? நமக்கு வெளியே யார் பார்ப்பார்கள்?

மலைநாட்டில் இரண்டாவது கேள்விதான் மற்றதையெல்லாம் தீர்மானிக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 கார், காருக்கு 40 படம் என்றால் 600 படங்கள். படம் ஒன்று 4 எம்பீ என்று வைத்தால் மொத்தம் 2.4 ஜீபீ. உங்கள் வீட்டு இணைப்பில் ஏற்றும் வேகம் வினாடிக்கு 5 மெகாபிட் கிடைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலாகும். அது தாங்கக்கூடியது.

வீடியோ அப்படியில்லை. ஐபோனில் 4கே வீடியோ, வினாடிக்கு 30 பிரேம் என்றால், நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பீ. பொனட்டில் ஒட்டுகிற அக்ஷன் கமரா வினாடிக்கு 100 மெகாபிட்டில் பதிந்தால் நிமிடத்துக்கு 750 எம்பீ. அப்படி 40 நிமிடம் ஓடினால் 30 ஜீபீ. அதே 5 மெகாபிட் இணைப்பில் அதை ஏற்ற 13 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அதுவும் இடையில் கரண்ட் போகாமல், சிக்னல் விழாமல் இருந்தால். ஏற்றி முடித்தாலும் வேலை முடியவில்லை: 15 பேரும் 30 ஜீபீயை இறக்கவேண்டும். ரீலோட் போட்டு டேட்டா வாங்குகிற பையனிடம் போய் அதைக் கேட்க முடியாது.

இன்னொன்று. வட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப்புக்கு மட்டும் ஓடுகிற டேட்டா கார்ட் போடுகிற தம்பிமார் தோட்டப் பக்கத்தில் நிறையப் பேர். கூகுள் ஆல்பத்தின் லிங்க் பெரும்பாலும் அந்தப் பொதிக்குள் வராது. லிங்க்கைத் தட்டியதும் சாதாரண டேட்டா கழியத் தொடங்கும். "பாக்கவே இல்லியா?" என்று அவனைக் கேட்பதற்கு முன் இதை யோசித்துப் பார்க்கவேண்டும்.

## வட்ஸ்அப்

எல்லோரிடமும் இருக்கிறது, பெரியவர்களுக்கும் பழக்கம். அன்றிரவே பார்க்கிற சந்தோஷத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அந்த இடத்தை நான் வேறு எதற்கும் கொடுக்கமாட்டேன்.

சேர்த்து வைக்க மட்டும் இது ஆகாது. சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும். எச்டி என்று தெரிவுசெய்தால் தேவலை, அதுவும் ஒரிஜினல் இல்லை. ஒரிஜினலாகவே போகவேண்டுமென்றால் 'டொக்கியுமென்ட்' என்று இணைத்து அனுப்பவேண்டும். ஒரு கோப்பு 2 ஜீபீ வரை போகும். மொரிஸ் மைனர் படத்தை அந்தத் தம்பி அப்படி அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்பட்டிருக்காது.

மறைந்திருக்கிற செலவுகள் மூன்று. டொக்கியுமென்டாக அனுப்பும்போது படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரமும் சேர்ந்து போகும். ரோட்டில் எடுத்த படத்துக்குப் பரவாயில்லை. விடியற்காலையில் உங்கள் வீட்டு கராஜில் எடுத்த படம் என்றால், பழைய கார் எந்த வீட்டில் நிற்கிறது என்று முகவரியே கொடுத்த மாதிரி. இரண்டாவது, ஆன்ட்ரொய்ட் போனில் வட்ஸ்அப் பேக்கப் இப்போது கூகுளின் 15 ஜீபீ இலவச இடத்துக்குள் கணக்காகிறது. ஒரு ட்ரிப்பின் வீடியோக்கள் தானாக இறங்கி, பேக்கப்பில் ஏறி, அந்த 15 ஜீபீ நிரம்பினால் ஜிமெயிலுக்குக் கடிதம் வருவதே நின்றுவிடும். வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிற பிள்ளைக்கு அது என்ன பாடு! மூன்றாவது, சில வாரம் கழித்துப் பழைய வீடியோவைத் தட்டினால் இறங்காமல் போகலாம். அனுப்பியவரே மறுபடி அனுப்பவேண்டும்.

குழுவில் ஆறேழு பேர்தான், வீடியோ குறைவு, யாரும் பிரிண்ட் போடப்போவதில்லை என்றால் வட்ஸ்அப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். போதும்.

## கூகுள் போட்டோஸ் ஆல்பமும் கூகுள் டிரைவும்

பத்துக் கார்களுக்கு மேல் போகிற குழுவுக்கு, படங்களைப் பொறுத்தவரை, என் தெரிவு பகிர்ந்த ஆல்பம்தான். ஒருவர் ஆல்பத்தைத் திறந்து லிங்க்கை அனுப்பினால் போதும், மற்றவர்கள் தங்கள் படங்களைச் சேர்ப்பார்கள். ஓர் ஆல்பத்தில் 20,000 படங்களும் வீடியோக்களும் வரை போடலாம். படம் எடுத்த நேரப்படி அடுக்கிக் காட்டும். பேராதனையில் டீசல் அடித்ததிலிருந்து நுவரெலியாவில் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தது வரை, பதினைந்து பேரின் கண்கள் வழியாக ஒரே ஓட்டமாகப் பார்ப்பதில் ஓர் ஆனந்தம் இருக்கிறது. அதற்காகவே இதைச் செய்யலாம். லிங்க் கிடைத்தவர் கூகுள் கணக்கு இல்லாமலும் பார்க்கலாம். சேர்க்கத்தான் கணக்கு வேண்டும்.

கவனிக்கவேண்டியவை இங்கேயும் உண்டு. அவரவர் சேர்க்கிற படம் அவரவருடைய 15 ஜீபீயில்தான் கழியும். கூகுள் போட்டோஸில் இடத்தை மிச்சப்படுத்துகிற 'ஸ்டோரேஜ் சேவர்' போட்டிருந்தால் படம் 16 மெகாபிக்சலுக்கு மேல் போகாது, வீடியோ 1080 தரத்துக்கு இறங்கிவிடும். 12 மெகாபிக்சல் போன் படத்துக்கு அது பெரிய நட்டமில்லை, சுவரில் மாட்டுகிற அளவுக்கு அடிக்கலாம். வீடியோவுக்கு நட்டம்தான்.

இதைவிடப் பெரிய பிரச்சினை உரிமை. ஆல்பத்தில் நீங்கள் பார்க்கிற படம் சேர்த்தவருடையது. போனில் இடமில்லையென்று அவர் தன் கூகுள் போட்டோஸில் அழித்தாலும், குழுவோடு மனஸ்தாபப்பட்டு ஆல்பத்தைவிட்டு வெளியேறினாலும் அவருடைய படங்கள் அங்கிருந்து போய்விடும். ஆகவே, ட்ரிப் முடிந்து இரண்டு வாரத்துக்குள் யாராவது ஒருவர் ஆல்பம் முழுவதையும் தன் கணினியில் இறக்கி வைக்கவேண்டும். எங்கள் குழுவில் அந்தப் பொறுப்பு சுழற்சியில் வரும். பல வீட்டு இணையப் பொதிகளில் நள்ளிரவுக்குப் பிறகான டேட்டா தனியாக இருக்கும். அது வீணாகப் போகிற வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டால் வேலை சுலபம்.

ஆல்பத்தின் அமைப்பில் படம் எடுத்த இடத்தைப் பகிர்வதை நிறுத்திவிடுங்கள். வட்ஸ்அப்பில் சொன்ன கராஜ் பிரச்சினை இங்கேயும் இருக்கிறது.

கூகுள் டிரைவில் ஃபோல்டர் திறப்பது வீடியோ எடிட் செய்கிறவருக்கு நல்லது. கோப்பு உள்ளது உள்ளபடி இருக்கும். ஆனால் மற்றவர்களுக்குப் புரட்டிப் பார்க்க வசதியில்லை, 15 ஜீபீயும் கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடும். காசு கட்டி இடம் வாங்கலாம். யார் கட்டுவது, அவர் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை முதலில் பேசி முடியுங்கள். மாதாமாதம் குழுவில் சில்லறை சேர்ப்பது படம் சேர்ப்பதைவிடச் சிரமம்.

## டெலிகிராம்

'ஃபைல்' என்று அனுப்பினால் ஒரிஜினலாகவே போகும், ஒரு கோப்பு 2 ஜீபீ வரை இலவசம், போனில் இறக்காமலே அங்கே கிடக்கும், புதிதாகச் சேர்ந்தவருக்கும் பழையதைக் காட்டலாம். காகிதத்தில் பார்த்தால் இதுதான் வெல்லவேண்டும். நம்மவர்களில் பாதிப் பேர் அதைத் திறப்பதே இல்லை என்பதுதான் சங்கடம். எல்லோரும் ஏற்கெனவே அதில் இருக்கிற இளைஞர் குழு என்றால் தாராளமாகப் போங்கள்.

## கையோடு கை: சிப், ரீடர், ஹார்ட் டிஸ்க்

இணையத்தில் 13 மணி நேரம் ஆகிற அந்த 30 ஜீபீ, கமராவின் சிப்பிலிருந்து (மெமரி கார்ட்) ஹார்ட் டிஸ்க்குக்கு மாற ஆறேழு நிமிடம் போதும். வினாடிக்கு 80 எம்பீ போகிற நல்ல கார்ட் ரீடரும் சிப்பும் இருந்தால் அவ்வளவுதான். டேட்டாவும் செலவில்லை. மலைநாட்டில் வீடியோவுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை என்றே சொல்வேன்.

இதை வீட்டுக்குப் போனபிறகு செய்யலாம் என்று விட்டால் நடக்காது. எல்லோரும் பிரிவதற்கு முன், கடைசித் தேத்தண்ணிக் கடையிலேயே செய்யவேண்டும். நாங்கள் செய்வது இப்படி: ஒருவர் லப்டொப்பைக் கடை மேசையில் திறந்து வைப்பார். வெளியே பொனட்டில் வைத்தால் பனி ஈரம் கீபோர்டில் இறங்கும். ஒவ்வொரு வண்டிக்கும் வண்டிப் பெயரில் ஒரு ஃபோல்டர். சிப்பைக் கழற்றிக் கொண்டுவருவார்கள், கொப்பி ஆகும், சிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்தவர். இரண்டு சிப்பை ஒரே நேரத்தில் மேசையில் வைக்கவிடுவதில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், மாறிப்போனால் தேடுவது பெரிய வேலை. இஞ்சித் தேத்தண்ணியும் ரொட்டியும் முடிவதற்குள் ஐந்தாறு வண்டி முடிந்துவிடும்.

ரோட்டைப் பார்த்தபடி காருக்குள் ஓடிக்கொண்டே இருக்கிற கமராவான டேஷ்கேமுக்கு இதுதான் கடைசிச் சந்தர்ப்பம். 1080 தரத்தில் பதிகிற டேஷ்கேமில் 32 ஜீபீ சிப் நாலைந்து மணி நேரம்தான் தாங்கும். அதற்குப் பிறகு பழையதன்மேல் புதியதை எழுதும். ஹட்டனிலிருந்து பண்டாரவளைக்குப் போய்த் திரும்பினால், காலையில் தலவாக்கலைப் பக்கம் சென்கிளயர் அருவியைக் கடந்த காட்சி மாலையில் அழிந்திருக்கும். டேஷ்கேம், அக்ஷன் கமரா எல்லாவற்றின் கடிகாரத்தையும் புறப்படும்போது போன் நேரத்துக்குச் சரிசெய்யச் சொல்லுங்கள். பற்றரி இறங்கிய டேஷ்கேம் எந்தக் காலத்துத் தேதியையோ காட்டும்; பிறகு காட்சிகளை வரிசைப்படுத்த முடியாது.

இதன் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? பழைய பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 அமைப்பில் இருக்கும். 4 ஜீபீக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது. ட்ரிப்புக்கு முன்பே எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிவிடுங்கள். கொமியுனிகேஷன் கடைக் கணினியில் குத்திய பென் டிரைவ் வைரஸோடு திரும்புவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. குழுவின் டிஸ்க்கை அங்கே கொடுக்காதீர்கள். டிஸ்க் ஒன்றுதான் இருந்தால் அது விழுந்த அன்றைக்கு எல்லாம் போச்சு. இரண்டு டிஸ்க், இரண்டு வீட்டில்.

போனுக்குப் போன் தருவதற்கு ஆன்ட்ரொய்டில் குவிக் ஷெயார், ஐபோனில் எயார் டிரொப் இருக்கிறது. இரண்டுக்கும் டேட்டா வேண்டாம், தரமும் குறையாது. சிக்னலே இல்லாத தேயிலை மலை நடுவிலும் வேலை செய்யும். பெரும்பாலான போன்களில் ஆன்ட்ரொய்டுக்கும் ஐபோனுக்கும் இடையில் இது ஒத்துவராது என்பதுதான் குறை.

## யூடியூப், 'அன்லிஸ்டட்' ஆக

சேர்த்த வீடியோவிலிருந்து ஒருவர் பத்து நிமிடத்துக்கு வெட்டி ஒட்டிய பிறகு, அதைக் காட்டுவதற்கு இதுதான் சிறந்தது. சிக்னலுக்கு ஏற்பத் தரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். டயகமவில் ஒருவர் 240 என்ற குறைந்த தரத்தில் பார்ப்பார், கண்டியில் பைபர் உள்ளவர் அதே வீடியோவை 4கேயில் பார்ப்பார். யூடியூப்புக்கான டேட்டா கார்ட் உள்ள தம்பியும் பார்ப்பான். போனிலும் இடம் பிடிக்காது.

'அன்லிஸ்டட்' என்றால் தேடினால் வராது என்றுதான் அர்த்தம். லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம், யாருக்கும் அனுப்பலாம். கணக்கைப் போன் நம்பரால் உறுதிசெய்யாவிட்டால் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவை ஏற்ற முடியாது. கார் ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் பதிப்புரிமைக் கோரிக்கை வரலாம். எஞ்சின் சத்தம் கேட்கத்தானே எடுக்கிறோம், படம்பிடிக்கும்போது ரேடியோவை நிறுத்திவிடுங்கள்.

## பேஸ்புக்

புதியவர்கள் குழுவுக்கு வர இது உதவும், மறுக்கமாட்டேன். ஆனால் இங்கே போவது தெரிந்தெடுத்த பத்துப் பதினைந்து படங்களாக மட்டும் இருக்கவேண்டும், அதில் தெரிகிற எல்லோரையும் கேட்ட பிறகு. பிள்ளைகளின் முகம், நம்பர் பிளேட், ரோட்டோரத்தில் கொழுந்துக் கூடையோடு நின்ற அக்காமார், இவர்கள் யாரும் நம் பேஸ்புக் பக்கத்தில் வருவதற்குச் சம்மதம் தந்தவர்கள் இல்லை.

டேஷ்கேம் வீடியோவின் கீழ் மூலையில் வேகம் ஓடுவதைப் பலர் கவனிப்பதில்லை. இலங்கையில் ஊருக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், ஊருக்கு வெளியே 70 என்பது கார்களுக்கான பொது எல்லை. மூலையில் 78 என்று எரிகிற ஒரு வினாடி போதும், பரவுவதற்கு. பரவிய வீடியோவைப் பார்த்துப் பொலிஸார் வண்டியைத் தேடிவந்த சம்பவங்கள் உண்டு.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் கார் பார்வையாளர் பக்கம் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்தக் காட்சிகள் போனுக்குப் போன் போயின. அதன்பிறகு எங்கள் குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: விபத்துக் காட்சி எதுவும், சின்ன உரசலானாலும், எந்தக் குழுவுக்கும் போகாது. சம்பந்தப்பட்ட வண்டிக்காரரிடம் கையில் கொடுக்கப்படும். காப்புறுதிக்கோ பொலிஸுக்கோ தேவையென்றால் அவர் கொடுப்பார்.

## ஒரே பார்வையில்

| வழி | ஒரிஜினல் தரம் | டேட்டா | நிலைக்குமா | பொருந்துவது |
|---|---|---|---|---|
| வட்ஸ்அப் | டொக்கியுமென்டாக அனுப்பினால் மட்டும் | நடுத்தரம் | இல்லை | அன்றிரவுப் பத்துப் படம் |
| கூகுள் ஆல்பம் | அமைப்பைப் பொறுத்தது | கூட | சேர்த்தவர் அழிக்கும்வரை | 10 காருக்கு மேல், படங்களுக்கு |
| டெலிகிராம் | ஃபைலாக அனுப்பினால் | கூட | ஓரளவு | எல்லோரும் அதில் இருந்தால் |
| ஹார்ட் டிஸ்க் | அப்படியே | இல்லை | இரண்டு பிரதி இருந்தால் | வீடியோ, டேஷ்கேம் |
| யூடியூப் | குறையும் | பார்ப்பவர் விருப்பம் | ஓரளவு | வெட்டி ஒட்டிய வீடியோ |
| பேஸ்புக் | குறையும் | குறைவு | ஓரளவு | வெளியாருக்குக் காட்ட |

பதினைந்து கார், இரண்டு மூன்று கமரா, எல்லா வயதினரும் உள்ள குழு என்றால் நான் சொல்வது: வீடியோவைத் தேத்தண்ணிக் கடையிலேயே டிஸ்க்கில் வாங்குங்கள், படத்துக்கு ஆல்பம், அன்றிரவு வட்ஸ்அப்பில் ஆளுக்கு மூன்று படத்துக்கு மேல் வேண்டாம், வெட்டிய வீடியோ யூடியூப்பில். ஆல்பத்துக்கு இரண்டு வாரத் தவணை வையுங்கள், அதற்குள் சேர்க்காதவர்களுக்கு ஒருவர் போன் எடுத்துக் கேட்கட்டும். குழுவில் மெசேஜ் போட்டால் யாரும் அசையமாட்டார்கள். "அண்ணே, உங்க படம் மட்டுந்தான் இன்னும் வரல்ல" என்று குரலில் கேட்டால் அன்றிரவே வந்துவிடும்.

## பழைய ட்ரிப்புகளின் படங்கள்

இதுவரை வட்ஸ்அப்பில் மட்டும் இருக்கிற படங்களுக்கும் இன்னும் வழியிருக்கலாம். குழுவின் மீடியா பக்கத்தில் பின்னோக்கிப் போய், உங்களுக்குப் பிடித்த ஒவ்வொரு படத்தையும் அனுப்பியவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய போனின் கமரா ஃபோல்டரில் ஒரிஜினல் இருக்கலாம். அங்கே இல்லாவிட்டால் அவருடைய கூகுள் போட்டோஸில் அந்தத் தேதியைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். தானாகவே பேக்கப் ஆகியிருந்தும் தெரியாதவர்கள் பலர். பழைய போன் மேசை லாச்சியில் கிடந்தால் சார்ஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வயதான ஓட்டுநர்களின் வண்டிகள் உள்ள படங்களிலிருந்து தொடங்குங்கள்.